ஹேண்டில்பார் ஓர் அங்குலம் நகர்ந்தால்

கோவையில் இருக்கும் என் அக்கா மகன் பழைய அவெஞ்சர் 220 ஸ்ட்ரீட் க்ரூசர் பைக் ஒன்றை வாங்கினான். முதல் வாரம் அதைப் பளபளவென்று கழுவித் துடைத்தான். இரண்டாவது வாரம் அதன் ஹேண்டில்பாரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கிடாக்கொம்பு போல மேலே நீண்டு பின்னால் வளைந்த ஒரு ஸ்டீல் குழாயை மாட்டினான். அமெரிக்காவில் இதற்கு 'ஏப் ஹேங்கர்' என்று பெயர். குரங்கு கிளையில் தொங்குவதுபோல ஓட்டுகிறவர் தொங்க வேண்டியிருக்கிறது என்று யாரோ கேலியாக வைத்தது, நாளடைவில் அதுவே கௌரவப் பெயராகிவிட்டது. அத்தோடு விடவில்லை. சீட் ஸ்பான்ஜைச் செதுக்கித் தட்டையாக்கினான். பின் ஷாக்கப்சரை மாற்றி வண்டியின் பின்பக்கத்தை ஓர் அங்குலம் இறக்கினான். பின்சக்கரத்துப் பக்கத்தில் இருந்த சேலைக் காப்புக் கம்பியைக் கழற்றினான்.

மூன்றாவது வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினான். 40 கொண்டை ஊசி வளைவுகள். மறுநாள் வீட்டுக்கு வந்தவன், "வண்டி செம்ம கெத்தா இருக்கு மாமா" என்றான். சொல்லும்போதே இரண்டு கைகளையும் உதறிக்கொண்டிருந்தான். சாப்பிட உட்கார்ந்தபோது விரல் மரத்துப்போய்ச் சோற்றைப் பிசைய முடியவில்லை. முதுகை நிமிர்த்த ஒரு கை சுவரைத் தேடியது. "ஒண்ணுமில்ல, பழகினா சரியாயிடும்."

பழகினால் சரியாகாது. அவன் மாற்றியது வண்டியின் தோற்றத்தை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். க்ரூசர் வண்டியில் தோற்றமும் உட்காரும் விதமும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும்.

எந்த பைக்கிலும் ஓட்டுகிறவரின் உடம்பு மூன்று இடங்களில் வண்டியைத் தொடுகிறது: கை, இருக்கை, பாதம். இந்த மூன்று புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். ரேஸ் பைக்கில் அது முன்னால் சாய்ந்திருக்கும். கை தாழ்ந்து, பாதம் பின்னால் போயிருக்கும். அன்றாட ஸ்ப்ளெண்டரில் ஏறக்குறைய நிமிர்ந்திருக்கும். க்ரூசரில் முக்கோணம் பின்னால் சாய்கிறது. பாதம் முன்னே, இடுப்பு தாழ்வாக, கை உயர்ந்து உடம்பை நோக்கி வருகிறது. ஈஸிசேரில் சாய்ந்திருக்கும் தாத்தாவுக்கு ஒரு ஸ்டியரிங் கொடுத்தது போல.

இந்தச் சாய்வு பிறந்த ஊர் அமெரிக்கா. பழைய ஹார்லிகளில் பாதம் வைக்க முன்னால் அகலப் பலகை இருந்தது. கிளட்சைக் காலால் மிதித்து, கியரை டேங்க் ஓரத்தில் கையால் மாற்றுவார்கள். காலால் கியர், கையால் கிளட்ச் என்ற ஏற்பாடு ஹார்லிக்கு வந்ததே 1952இல்தான். நேராக, நீளமாக, வளைவே இல்லாமல் ஓடும் சாலைகளில் மணிக்கணக்கில் உட்கார அந்தப் பலகை வசதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் கனமான வண்டிகளின் மட்கார்டுகளை வெட்டி எடையைக் குறைத்தார்கள், அது 'பாபர்'. அடுத்த தலைமுறை ஃபோர்க்கை நீட்டி, ஹேண்டிலை உயர்த்தி 'சாப்பர்' ஆக்கியது. 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டும், அமெரிக்கக் கொடி வண்ண டேங்க் கொண்ட வண்டி அந்த வடிவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதை உருவாக்கிய கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரு கறுப்பினக் கைவினைஞர்களின் பெயர் பல ஆண்டுகள் வெளியே தெரியவே இல்லை. பட்டறையில் உழைத்தவன் பெயர் காணாமல் போவது எல்லா நாட்டிலும் நடக்கிற கதை.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? பட்டறையில் செய்கிற ஆல்ட்ரேஷனைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்கலாம் என்று 1971இல் ஹார்லி சூப்பர் க்ளைடு வந்தது. 1985இல் ஹோண்டா, ரெபல் 250 மூலம் அதே உருவத்தைச் சிறு வண்டிக்கு இறக்கியது. இந்தியாவில் 2001இல் பஜாஜும் கவாசாகியும் சேர்ந்து எலிமினேட்டரைக் கொண்டுவந்தன. 175 சிசி. விலை நடுத்தர வர்க்கத்துக்கு எட்டவில்லை. பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களே அதிகம். 2005இல் அதே உருவத்தை உள்நாட்டு எஞ்சினோடு குறைந்த விலையில் கொடுத்ததுதான் அவெஞ்சர். 2020 நவம்பரில் சென்னைக்கு அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 அந்த வரிசையில் சேர்ந்தது.

அவெஞ்சரின் கதையில் எனக்குப் பிடித்த ஆண்டு 2015. அந்த வருடம் பஜாஜ் ஒரே 220 சிசி வண்டியை இரண்டாகப் பிரித்தது. எஞ்சின் ஒன்று, ஃப்ரேம் ஒன்று. 'க்ரூஸ்' என்ற வண்டிக்குக் குரோம் பளபளப்பு, கம்பிச் சக்கரம், பின்னால் வளைந்து வரும் உயர ஹேண்டில், பின்னால் உட்காருபவருக்குச் சாய்மானம். 'ஸ்ட்ரீட்' வண்டிக்குக் கறுப்பு நிறம், அலாய் சக்கரம், தாழ்ந்து தட்டையான ஹேண்டில். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்லமாட்டார்கள். ஒருவர் ஜமீன்தார், மற்றவர் ஜிம்முக்குப் போகிற பையன். ஆல்ட்ரேஷன் என்பதன் சாரத்தைக் கம்பெனியே பாடம் நடத்திக் காட்டியது: நிறத்தையும் ஹேண்டிலையும் மாற்றினால் வண்டியின் ஆளுமையே மாறிவிடுகிறது. ஆனால் நிறம் மாறினால் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஹேண்டில் மாறினால் தோள்பட்டைக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்பதற்குக் காற்றிலிருந்து தொடங்குவோம்.

நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மார்பும் தோளும் தலையும் சேர்ந்து தோராயமாக 0.4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டரில் அது ஏறக்குறைய 7 கிலோ எடையால் நெஞ்சைத் தள்ளுவதற்குச் சமம். 80இல் 12 கிலோ. 100இல் 19 கிலோ. இந்தத் தள்ளலை யார் தாங்குவது? 70 கிலோ ஆளுக்கு இடுப்புக்கு மேலே சுமார் 45 கிலோ இருக்கிறது. உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் அந்த 45 கிலோ முன்னால் விழப்பார்க்கும். காற்று பின்னால் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். கணக்குப் போட்டால் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 9 டிகிரி சாய்வு போதும், 80க்கு 15 டிகிரி. அந்தச் சாய்வில் கைக்கு வேலையே இல்லை, ஹேண்டிலைப் பூப்போலப் பிடித்திருக்கலாம்.

க்ரூசர்காரர் எதிர்த்திசையில் சாய்கிறார். 10 டிகிரி பின்னால் சாய்ந்தாலே உடம்பின் எடை தன் பங்குக்கு 8 கிலோ பின்னால் இழுக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் 12 கிலோவும் சேர்ந்து 20. அதை வயிற்றுத் தசையும் கையும் பங்குபோட்டுக்கொண்டு மணிக்கணக்கில் பிடித்திருக்கின்றன. கிணற்றில் 20 லிட்டர் குடத்தைப் பாதியில் இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்பதை யோசித்துப் பாருங்கள். க்ரூசரில் 60–70இல் போகும்போது சொர்க்கமாகவும், 90ஐத் தாண்டினால் போர்க்களமாகவும் தெரிவதற்கு எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்னால் ஒரு சிறு கண்ணாடித் தடுப்பு மாட்டியவர்கள் அதைக் கழற்ற மறுப்பதும் இதனால்தான். அழகைக் கெடுக்கிறது என்று நான்கூட நினைத்ததுண்டு. ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா மகனின் விரல் மரத்ததற்கு இன்னும் இரண்டு காரணங்கள். ஏப் ஹேங்கரில் கை இதயத்தைவிட மேலே நிற்கிறது. ரத்தமும் ஒரு திரவம்தானே. 10 சென்டிமீட்டர் மேலே ஏற ஏறச் சுமார் 8 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்தை இழக்கும். கை 20 சென்டிமீட்டர் உயர்ந்தால் விரலுக்குப் போகும் அழுத்தம் 15–16 குறைகிறது. சுவரில் ஆணி அடிக்கும்போது ஐந்து நிமிடத்தில் கை சோர்ந்துபோகிறதே, அதே காரணம். இரண்டாவது, அதிர்வு. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 83 உதறல். குட்டையான தடிமனான குழாய் அதற்கு அவ்வளவாக மசியாது. குழாய் நீள நீள அதன் இயல்பான அதிரும் எண் இறங்கிக்கொண்டே வரும். எஞ்சினின் உதறலோடு அது எங்காவது ஒத்துப்போனால் குழாய் இசைக்கவை போலப் பாடத் தொடங்கும். கம்பெனி ஹேண்டிலின் இரு முனையிலும் உருண்டையாக ஓர் இரும்புக் கட்டி இருக்கும். 'இது எதுக்குத் தண்டமா' என்று முதலில் கழற்றி எறிவது அதைத்தான். அதிர்வை விழுங்குவதற்காக வைத்த எடை அது.

இனி முதுகு. இதைப் புரிந்துகொள்ள வண்டியே வேண்டாம். தரையில் காலை நேராக முன்னால் நீட்டி உட்காருங்கள். கீழ்முதுகு தானாகக் கூன் போடும். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை முழங்காலுக்கு நேர் கீழே வையுங்கள். முதுகு தானாக நிமிரும். தொடையின் பின்பக்கத் தசைகள் உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டுகின்றன. காலை முன்னால் நீட்டினால் அவை இறுகி இடுப்பெலும்பை அடியிலிருந்து இழுக்கும். இடுப்பு பின்னால் உருளும். கீழ்முதுகின் இயற்கையான உள்வளைவு தட்டையாகும். ஃபுட்ரெஸ்ட் முன்னால் போகப் போக நடப்பது இதுதான். காலை நீட்டி ஓட்டுவது 'ரிலாக்ஸ்' என்று விளம்பரங்கள் சொல்லும். முழங்காலுக்கு அது உண்மை. முதுகெலும்புக்கு அல்ல.

முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுகளின் அழுத்தத்தை ஊசி செலுத்தி அளந்தவர் ஸ்வீடனின் அல்ஃப் நாக்கெம்சன். நிற்பதைவிடச் சாய்மானமில்லாமல் உட்காருவதில் வட்டின் அழுத்தம் சுமார் 40 சதவீதம் அதிகம் என்று 1960களில் தொடங்கிய அவரது அளவீடுகள் காட்டின. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் ஒருவரின் வட்டுக்குள் உணரியைப் பதித்து நாள் முழுக்க அளந்தபோது படம் கொஞ்சம் மாறியது. நிற்பதற்கும் நிமிர்ந்து உட்காருவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நன்றாக முன்னால் குனிந்து உட்கார்ந்தால் ஏறத்தாழ இரு மடங்கு. நாற்காலியில் முதுகைச் சாய்த்துச் சரிந்தால் மிகவும் குறைவு. கடைசி வரி க்ரூசர்காரர்களுக்கு இனிக்கும். ஆனால் அங்கே முதுகுக்குப் பின்னால் நாற்காலி இருந்தது. அவெஞ்சர் க்ரூஸில் சாய்மானம் இருப்பது பின்னால் உட்காருபவருக்கு. ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருப்பது வெறும் காற்று. காசு செலவழித்து ஒன்றை மட்டும் மாட்டலாம் என்றால் ஓட்டுகிறவரின் கீழ்முதுகைத் தாங்கும் ஒரு சிறு சாய்மானத்தைச் சொல்வேன். குரோம் மண்டையோடு அப்புறம்.

நம் ஊர் வேகத்தடை இதில் தனி அத்தியாயம். ஸ்ப்ளெண்டரில் மேடு வந்தால் ஃபுட்ரெஸ்டில் பாதத்தை ஊன்றி லேசாக எழும்புவோம். கால் இரண்டும் ஷாக்கப்சராக மாறிவிடும். யோசித்துச் செய்வதுகூட இல்லை, உடம்பு தானே செய்கிறது. பாதம் முன்னால் இருக்கும்போது எழும்ப முடியாது. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு எழுந்திருக்க முயன்று பாருங்கள். அடி நேராக வால் எலும்பில் விழுகிறது. உட்கார்ந்திருக்கும் உடம்பு விநாடிக்கு சுமார் 4 முதல் 8 வரையிலான குலுக்கலைத்தான் மிகவும் வெறுக்கிறது. வயிறும் மார்பும் அந்தத் தாளத்துக்கே சேர்ந்து ஆடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இரண்டே கால் மீட்டருக்கு ஒரு மேடு வந்தால் விநாடிக்கு ஐந்து. தார் அலையலையாக ஒதுங்கிய பழைய சாலையில் இந்த இடைவெளி சர்வ சாதாரணம்.

இந்த அடியை வாங்க இருக்கும் ஒரே மெத்தை சீட். அதைத்தான் அவன் செதுக்கினான். தட்டையான சீட்டில் டேங்கிலிருந்து பின் மட்கார்டுக்கு ஒரே வீச்சாகக் கோடு இறங்கி ஏறுகிறது, அழகு என்னவோ உண்மைதான். ஆனால் ஸ்பான்ஜ் ஒரு ஸ்பிரிங். அரை அங்குலம் அமுங்கும் ஸ்பிரிங்குக்கும் இரண்டு அங்குலம் அமுங்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இருப்பது உங்கள் முதுகெலும்பு. இன்னொரு ஏமாற்றும் உண்டு. கடையில் விரலால் அழுத்தினால் மெத்தென்று புதையும் ஸ்பான்ஜ், 70 கிலோ உட்கார்ந்ததும் பத்து நிமிடத்தில் அடித்தகட்டைத் தொட்டுவிடும். கொஞ்சம் விறைப்பான, அடர்த்தியான ஸ்பான்ஜ் தொடக்கத்தில் முரண்டு பிடிக்கும், மூன்றாவது மணி நேரத்தில் காப்பாற்றும். சீட் கவர் தைக்கிற அனுபவசாலிகள் கீழே விறைப்பும் மேலே மென்மையுமாக இரண்டு அடுக்கு ஒட்டுவார்கள். அவர்களிடம் 'மெத்துனு போடுங்க' என்று சொல்லாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று சொல்லுங்கள்.

க்ரூசர் சீட் தாழ்வாக இருப்பதால் வண்டி நிலையாக நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அவெஞ்சரின் சீட் தரையிலிருந்து 737 மில்லிமீட்டர், மீட்டியர் 765, ஸ்ப்ளெண்டர் 785. ஆனால் உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்திப் பாருங்கள், பிறகு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். விளக்குமாறுதான் நிற்கும். உயரமான பொருள் மெதுவாகச் சாய்கிறது, நமக்குச் சரிசெய்ய நேரம் கிடைக்கிறது. எடை தாழ்ந்த வண்டி ஊர்ந்து போகும்போது உண்மையில் சீக்கிரம் சாயப் பார்க்கும். தாழ்ந்த சீட்டின் நன்மை வேறு: சிக்னலில் இரண்டு குதிகாலும் தரையில் முழுதாகப் படியும். உயரம் குறைந்தவர்களுக்கு அது பெரிய தைரியம். அதற்காக க்ரூசரை விரும்புகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நியாயமான காரணம்.

வால்பாறை வளைவுகளில் அவன் பட்ட பாட்டுக்குப் பின்பக்கத்தை இறக்கியதும் ஒரு காரணம். கடையில் சாமான் தள்ளும் டிராலியின் முன்சக்கரத்தைக் கவனியுங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம், அது திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அதனால்தான் தள்ளினால் தானாக நேராகிறது. பைக்கிலும் அப்படியே. சாய்ந்த ஃபோர்க்கின் திரும்பு அச்சை நேராகத் தரைவரை நீட்டினால், அது தொடும் புள்ளிக்குப் பின்னால்தான் டயர் தரையைத் தொடுகிறது. இந்த இடைவெளிக்கு 'டிரெயில்' என்று பெயர். அது அதிகமானால் நெடுஞ்சாலையில் வண்டி ரயில் போல நேராக ஓடும். திருப்பத்தில் பிடிவாதம் பிடிக்கும்.

கணக்குக்காக 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு சக்கரம், அதன் மையம் ஃபோர்க்கின் திரும்பு அச்சுக்கு 45 மில்லிமீட்டர் முன்னால் என்று வைத்துக்கொள்வோம். திரும்பு அச்சு செங்குத்திலிருந்து 26 டிகிரி சாய்ந்திருந்தால் டிரெயில் 96 மில்லிமீட்டர். அவெஞ்சரின் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1,490 மில்லிமீட்டர். பின்பக்கம் ஓர் அங்குலம் இறங்கினால் முழு வண்டியும் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாயும். டிரெயில் 102 ஆகிறது. பெரிதாகத் தெரியாது. சாப்பர் பாணியில் ஃபோர்க்கை நீட்டி 33 டிகிரிக்குக் கொண்டுபோனால் 141. அங்கே இன்னொரு பேய் புறப்படுகிறது. ஹேண்டிலைத் திருப்பும்போது வண்டியின் முன்பக்கம் சற்றே கீழே இறங்கும். அதனால் ஹேண்டில் தானாகவே இன்னும் உள்ளே விழப் பார்க்கும். இந்த விழும் குணம் 26 டிகிரியிலிருந்து 33க்குப் போகும்போது 70 சதவீதம் கூடுகிறது. நெடுஞ்சாலையில் தெரியாது. முதல் கியரில் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது, பாதி மரத்த கையால் அதைத் தாங்கிப் பிடிக்கும்போது தெரியும்.

பின்பக்கம் இறங்கியதில் அவன் எதிர்பாராத வேடிக்கை ஒன்றும் நடந்தது. சைடு ஸ்டாண்டின் நீளம் மாறவில்லை, வண்டி மட்டும் தாழ்ந்துவிட்டது. ஸ்டாண்டு போட்டால் சாயவேண்டிய அளவு சாயாமல் கிட்டத்தட்ட நேராக நின்றது. வீட்டு வாசலில் ஒரு பூனை தாவியதில் மறுபக்கம் விழுந்தது என்கிறான். பூனையைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. விழுந்தது உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக்கிடம் அழைத்துப் போனேன். அவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடவிட்டார். பிறகு ஹேண்டிலை மெதுவாக இடது கோடிவரை திருப்பினார். 'டுப் டுப்' என்று ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் தானாக 'வ்ர்ர்ர்' என்று ஏறியது. நேராக்கினார்; அடங்கியது. மறுபடி திருப்பினார், ஏறியது.

"பாத்துக்கோ தம்பி. ஹேண்டில் உசந்துடுச்சு, கேபிள் பழைய நீளம். திருப்புனா கேபிள் இழுக்குது. நீ யூ-டர்ன் போடுறப்ப உன் வண்டி தானா ஆக்சிலேட்டர் குடுக்கும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. வளைவுகளில் இரண்டு முறை வண்டி 'பாய்ந்ததை' அவன் எங்களிடம் சொல்லவில்லை. மெக்கானிக் அடுத்து முன் டிஸ்க் பிரேக்கின் ரப்பர் ஹோஸைச் சுண்டினார். தம்புரா தந்திபோல விறைத்திருந்தது. ஹேண்டிலைத் திருப்பி மாட்டியதில் பிரேக் ஆயில் டப்பாவும் ஒருபக்கம் சரிந்திருந்தது; ஆயில் குறைந்தால் குழாய்க்குள் காற்றுப் புகும், காற்றுப் புகுந்தால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மாட்டிக்கொடுத்த கடை இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. எது எதற்கு அனுமதி வேண்டும் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. விற்கிற கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். இளைஞர்கள் முதலில் கழற்றுகிற சேலைக் காப்புக் கம்பி, துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க விதிகளே கேட்கும் பொருள். துப்பட்டா சக்கரத்தில் சிக்கியதைப் பார்த்த யாரும் அதை அசிங்கம் என்று சொல்லமாட்டார்கள்.

அழகுபடுத்தவே கூடாதா என்றால், தாராளமாகச் செய்யலாம். பெயின்ட், டேங்க் ஸ்டிக்கர், நல்ல தையலோடு ஒரு சீட் கவர், பொருட்கள் வைக்கத் தோல்பை. இவற்றில் எதுவும் முக்கோணத்தைத் தொடுவதில்லை. முக்கோணத்தைத் தொடுவதென்றால் காசில்லாத வேலையிலிருந்து தொடங்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கிளாம்பின் நான்கு போல்ட்டையும் தளர்த்தி, பழைய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, குழாயை ஒரு சில மில்லிமீட்டர் உருட்டிப் பாருங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களை முன்கைக்கு நேர்கோட்டில் வரும்படி இறக்குங்கள். மணிக்கட்டு மடங்காமல் விரல் லீவரைத் தொட்டால் பாதி வலி போய்விடும். ஒருநாள் ஓட்டுங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது உதவியது என்றே தெரியாது. கிராஷ் கார்டில் காலை நீட்டிவைக்க ஒரு கம்பி மாட்டுவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அங்கிருந்து கால் பிரேக்குக்கு வர அரை விநாடி ஆகும். 60 கிலோமீட்டரில் அரை விநாடி என்பது 8 மீட்டர்.

அக்கா மகனின் பிரச்சினைக்குத் தொடக்கத்திலேயே ஓர் எளிய காரணம் இருந்தது. ஆள் உயரம் குறைவு. ஸ்ட்ரீட் வண்டியின் தட்டை ஹேண்டில் அவனுக்கு எட்டவில்லை, முழங்கை நீட்டி விறைத்தே ஓட்டிக்கொண்டிருந்தான். ஹேண்டில் பக்கத்தில் வரவேண்டும் என்று உடம்பு கேட்டது. கண் கேட்டதை வாங்கிவிட்டான். மெக்கானிக் யோசனைப்படி அதே வண்டியின் க்ரூஸ் ரகத்துக்குரிய பின்வளைந்த ஹேண்டிலை, அதற்குரிய கேபிள், ஹோஸோடு சேர்த்து மாட்டினோம். பழைய ஷாக்கப்சர் திரும்பி வந்தது. சீட்டுக்கு இரண்டு அடுக்கு ஸ்பான்ஜ். சேலைக் காப்புக் கம்பியைக் கறுப்பு அடித்துப் பூட்டினான், பார்க்க மோசமில்லை. போன மாதம் மறுபடி வால்பாறை போய்வந்தான். கையை உதறவில்லை.

நீங்கள் ஹேண்டிலை மாற்றியிருந்தால், இல்லை ஏற்கெனவே மாற்றிய பழைய வண்டியை வாங்கியிருந்தால், இன்று சாயங்காலமே ஒன்று செய்யுங்கள். வண்டியை நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அது இல்லாவிட்டால் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் துளி ஏறினாலும் நாளை காலை வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.